கேமராவுக்குப் பச்சை

— உஷ்! விசில் அடிக்காத, மாரெத்.

— நான் எங்க அடிச்சேன்? பிளாஸ்க் மூடியத் திருகினேன், அது கீச்சுன்னுது. அதுக்குப் போய் இப்படிப் பதறுறியே.

— வடக்கு வெளிச்சம் மேல இருக்கும்போது சத்தம் ஆகாது, இறங்கி வந்து தூக்கிட்டுப் போயிடும். உங்க வீட்ல சொல்லித் தரலையா?

— தந்தாங்க, நல்லாவே தந்தாங்க. ஆனா பதினேழு வருஷம் முன்னாடி இதே ஏரி மேல நின்னுக்கிட்டு, ரெண்டு விரல வாய்க்குள்ள விட்டு, வானத்தப் பார்த்து விசில் அடிச்சானே ஒருத்தன். 'முடிஞ்சா இறங்கி வந்து என்னைத் தூக்கிட்டுப் போ பாக்கலாம்'னு சவால் வேற விட்டான். அவன் பேரு என்ன? ஆந்தேதானே?

— அது வயசுக் கோளாறு. உன்னை மயக்குறதுக்கு அடிச்சேன்.

— நான் எங்க மயங்கினேன்? பயந்துபோய் உன் கையப் பிடிச்சேன், அவ்வளவுதான்.

— பிடிச்சவ விடலையே. சும்மா இரு இப்ப.

— சும்மா இரு, சும்மா இரு. ரெண்டு வருஷமா இதே பாட்டுதான். வடக்கு வெளிச்சம் வந்துட்டா வீட்ல யாரும் வாயத் தொறக்கக் கூடாது, ஒரு கேள்வி கேக்கக் கூடாது. எங்க அம்மாகூட எங்களுக்கு இவ்வளவு கட்டுப்பாடு வெக்கல.

— நாப்பத்தாறு வயசுல எனக்குப் புத்தி வந்திருக்கு. சந்தோஷப்படுவியா, அத விட்டுட்டு.

— புத்தி வந்த மாதிரி தெரியல. கேமராதான் வந்திருக்கு. பனிவண்டிக்கு எஞ்சின் வாங்குறேன்னு ரொவானியெமி டவுனுக்குப் போனவன் கேமராவத் தூக்கிட்டு வந்தான்னு உன் தம்பி இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். நம்மாளுங்க யாராவது இதப் படம் எடுப்பாங்களா? தலைக்கு மேல தெனம் வர்றது. டூரிஸ்டுங்க எடுப்பாங்க, சரி.

— அவன் சிரிக்கட்டும். நீ எதுக்கு இன்னைக்கு நானும் வரேன்னு ஒத்தக் கால்ல நின்ன? குளிருது குளிருதுன்னு அடுப்ப விட்டு நகரமாட்ட.

— நாளைக்கு மான் மந்தை ஏரியத் தாண்டப்போகுது. அப்புறம் வசந்தம் வரைக்கும் நீ அக்கரை, நான் இக்கரை. ஒரு ராத்திரி புருஷன்கூட உக்காந்து வானம் பார்க்கக் கூடாதா?

— பாரு, பாரு. யாரு வேண்டாம்னா.

— பாக்குறதுக்குத்தான் கேக்குறேன், அந்த நெத்தி விளக்க அணையேன். கண்ணு பழகட்டும். அது எரிஞ்சா எனக்கு வானமே தெரியல.

— அணைச்சா கேமரா பொத்தான் எப்படித் தெரியும்?

— கும்மிருட்டுல, கையுறையக் கழட்டாம, துள்ளுற கன்னுக்குட்டியக் காலுக்கு நடுவுல இடுக்கிக்கிட்டுக் காதுல அடையாளம் வெட்டுவியே. நாலு பொத்தான் உனக்கு ஒரு வேலையா?

— அட போ. சரி, அணைச்சாச்சு. திருப்தியா?

— ம். இப்பத்தான் ராத்திரி ராத்திரியா இருக்கு. ஏரி எவ்வளவு அமைதியா கெடக்கு பாரு. அப்பப்ப அடியில பனிப்பாளம் முனகுது, கேட்டியா? சரி சொல்லு, எப்படி இருக்கு?

— எது?

— எதுவா? வானம்தான், மனுஷா.

— இரு, மொதல்ல ஒண்ணு எடுத்துக்குறேன். எட்டு விநாடி தொறந்து வெக்கணும். நீ அசையாத, பனி நறுநறுங்குது.

— அசையல.

— ...ஆ! பச்சை, மாரெத். நல்ல பச்சை. வடக்க அந்த மொட்டைக் குன்றோட ஒட்டி, வில்லு மாதிரி வளைஞ்சு நிக்குது. அடியில கெட்டியா இருக்கு, மேல போகப் போக அப்படியே கரைஞ்சு போகுது. ஜூன் மாசத்து பிர்ச் மரத்து எலை கணக்கா ஒரு பச்சை. எத்தனை தடவ பார்த்தாலும் நெஞ்ச ஒரு பிடி பிடிக்குது.

— பச்சையா?

— பின்ன?

— ம்.

— என்ன 'ம்'?

— ஒண்ணுமில்ல. காப்பி இந்தா. சீஸ் அடியில போட்டிருக்கேன், நல்லா ஊறியிருக்கும்.

— குடு.

— இந்தா.

— குடுன்னுதானே சொல்றேன்.

— நீட்டிக்கிட்டுத்தான் இருக்கேன், ஆந்தே. கை வலிக்குது.

— ...கேமராவப் பார்த்துக்கிட்டிருந்தேன். பக்கத்துல கொண்டாந்து கையில வெச்சா வாங்கிக்கப் போறேன். இதுக்கு ஒரு பஞ்சாயத்தா?

— பஞ்சாயத்து இல்ல. பிடி, கெட்டியாப் பிடி. உப்புக்கண்டமும் கொண்டாந்திருக்கேன், உன் மடியில வெக்கிறேன், சிந்தாத. நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புற?

— பத்துக்கு மந்தையக் கிளப்பினா, ஏரி குறுகுற அந்த இடுக்குக்கு வந்து சேர மூணாயிடும்.

— மூணுக்குக் கும்மிருட்டு.

— டிசம்பர்ல இருட்டாம? சூரியன் கிளம்பிப் போயி ஒரு வாரம் ஆகுது, இனி ஜனவரியிலதான் வரும். முந்நூறு மான ஓட்டிக்கிட்டு நடுப்பகல் மினுக்கல்லயே தாண்டிட முடியுமா?

— இடுக்குல உன் தம்பி வழி தெரிய ரெண்டு பக்கமும் மரக்கிளை நட்டுட்டு வந்தான். கிளைக்கு நடுவுல மட்டும்தான் பாளம் கெட்டியாம், ஒரு வீட்டு அகலம். கிளையத் தாண்டினா அடியில ஓட்டத் தண்ணி, மேல சும்மா தோல் மாதிரி ஒரு படலம். ஒத்த மான் நின்னாலே உடைஞ்சிடும்னான்.

— எனக்கே சொல்றியா? பத்து வருஷமா முன்னாடி போறது யாரு?

— நீதான். கிளை தெரியுமா உனக்கு?

— அதென்ன கேள்வி?

— சும்மா கேட்டேன். வண்டி விளக்கு நேராத்தானே அடிக்கும். ஓரத்துல நிக்கிற கிளை மேல விழாதே.

— அதுக்குத்தான் இந்தத் தடவ நம்ம பொண்ணு எல்லேய வண்டியில என் முன்னாடி உக்கார வெச்சுக்கப்போறேன். பதிமூணு வயசு, பருந்துக் கண்ணு. 'அப்பா, இடது நெருங்குது, அப்பா, வலது நெருங்குது'ன்னு சொல்லிக்கிட்டே வருவா. அவளும் தொழில் பழகுவா.

— வரேன்னு அவளாக் கேட்டாளா, நீ கேட்டியா?

— நான்தான் கேட்டேன். சரின்னா.

— ஒடனே சரின்னாளா?

— கொஞ்சம் முழிச்சா. மொத தடவை, பயம் இருக்கும்ல. அட போ!

— என்ன ஆச்சு?

— பேட்டரி செத்துப்போச்சு. முப்பது படம்கூடத் தாங்கல இந்தக் குளிருக்கு. இரு, இன்னொண்ணு சட்டைக்குள்ள நெஞ்சோட ஒட்டி வெச்சிருக்கேன்... வெச்சேனே. இந்தப் பையிலதானே வெச்சேன்.

— நல்லாத் தேடு.

— இல்ல. எங்க போயிருக்கும்? சரி, கிளம்பு, போலாம்.

— எதுக்கு? கேமரா செத்தா வானம் செத்துப்போச்சா? இப்பத்தான் நல்லா வருது. பாரேன், ஒண்ணா இருந்தது மூணாப் பிரிஞ்சிடுச்சு!

— ...ஆமா.

— மூணு தெரியுதா?

— தெரியுதுங்குறேனே. மூணு. அழகா இருக்கு.

— அந்த நடுவுல இருக்குறது ஆடுது பாரு, பாரு.

— ஆடுது, ஆடுது. சும்மா இரு. மேல இருக்கும்போது பேசக் கூடாது.

— ஆந்தே.

— என்ன?

— மூணு இல்ல. ஒண்ணுதான். அது ஆடவும் இல்ல. நாம வந்ததுலேர்ந்து அடுப்புச் சாம்பல இழுத்துவிட்ட மாதிரி ஒரே கோடா அப்படியே கெடக்கு. அது பச்சையும் இல்ல. இன்னைக்கு ராத்திரி ஒரு நிமிஷம்கூடப் பச்சையா இல்ல. இம்மாம் சின்ன வெளிச்சம் கண்ணுக்குச் சாம்பலாத்தான் இருக்கும். கேமராவுக்குத்தான் பச்சை. பஸ்ல வந்து இறங்குற டூரிஸ்டுக்கு அது தெரியாது, படத்தப் பார்த்துட்டு வந்து ஏமாந்து நிப்பான். நம்ம ஊர்ல தவழுற பிள்ளைக்குத் தெரியும். நீ ரெண்டு வருஷமாக் கேமராத் திரையிலயே பார்த்துப் பார்த்து அதையே மறந்துட்ட. நீ 'பச்சை'ன்னு சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

— பொண்டாட்டி எனக்குப் பரீட்சை வெக்கிறியா?

— ஆமா, வெச்சேன்.

— பேட்டரி?

— என் கையுறைக்குள்ள இருக்கு.

— அதானே! கிளம்பும்போது என்னைக்கும் இல்லாத திருநாளாக் கட்டிப் பிடிச்சியே, அப்பவே யோசிச்சிருக்கணும். திருட்டுக் கழுதை.

— திட்டு. நல்லாத் திட்டிக்க. திட்டி முடிச்சிட்டு எனக்குப் பதில் சொல்லு. இப்ப உனக்கு என்ன தெரியுது? என் முகம் தெரியுதா?

— குரல் தெரியுது.

— ஐயோ, ஆந்தே.

— ஐயோ போடாத. வீட்டுக்குள்ள நல்லாத்தான் தெரியுது. பகல்ல மினுக்கல் இருக்குற ரெண்டு மணி நேரம் ஓரளவுக்குச் சமாளிப்பேன். வண்டி விளக்கு விழுற இடம் தெரியும். மத்ததெல்லாம் கருப்பு. கம்பளி மூட்டைக்குள்ள தலைய விட்ட மாதிரி கருப்பு.

— அப்புறம் எப்படி இன்னைக்கு நீயே ஓட்டிட்டு வந்த? நான் ஓட்டுறேன்னு சொன்னதுக்குச் சண்டை வேற போட்ட.

— பழைய தடம். பள்ளத்துல விழுந்த சக்கரம் மாதிரி வண்டி தானாப் போகும். என் உடம்புக்கு வளைவு தெரியும்.

— எப்பலேர்ந்து?

— சரியாத் தெரிஞ்சு ரெண்டு வருஷம். ரொவானியெமிக்கு எஞ்சின் வாங்கப் போகல, மாரெத். கண்ணு டாக்டர்கிட்டப் போனேன். அந்தம்மா எதெதையோ வெச்சுப் பார்த்துட்டு, மொதல்ல ராத்திரிக் கண்ணு போகும், அப்புறம் ஓரம் ஓரமா மூடிக்கிட்டு வரும், இதுக்கு மருந்து இல்லன்னா. வெளிய வந்தேன். எங்க போறதுன்னு தெரியல. ஒரு கடைச் சன்னல்ல கேமரா. பக்கத்துல பெருசா ஒரு படம் மாட்டியிருந்தாங்க, வெளிச்சத்தப் படம் பிடிச்சது. நான் எத்தனையோ மாசமாப் பார்க்காத வெளிச்சம். கடைக்காரி சொன்னா, 'கண்ணுக்குத் தெரியாததையும் இது பிடிச்சுத் தரும்'னு. எஞ்சின் காச அப்படியே எடுத்து அவ கையில குடுத்துட்டேன்.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் என்ன பேயா, பிசாசா?

— சொன்னா நீ வண்டிச் சாவிய வாங்கி வெச்சுக்குவ. தம்பி முன்னாடி போவான். நான் பின்னால வண்டியில மூட்டையோட மூட்டையா உக்காரணும். ஊரு பேச ஆரம்பிச்சிடும். எங்க அப்பாவ ஊரு என்ன சொல்லுது?

— அது பழைய கதை.

— சொல்லு. என்ன சொல்லுது?

— குடிச்சிட்டு வந்து இடுக்குல விழுந்து செத்துட்டாருன்னு.

— எங்க அப்பாவுக்குச் சாராய வாடையே ஆகாது. இருட்டினா தடுமாறுவார். அதப் பார்த்துட்டுக் குடிகாரன்னுட்டாங்க. அவரும் மறுத்துப் பேசல. குருடன்னு சொல்றதுக்குக் குடிகாரன்னு சொன்னாத் தேவலன்னு நெனச்சாரோ என்னவோ. எங்க போனாலும் 'துணைக்கு வாடா'ன்னு என் தோள்ல கைய வெச்சுக்குவார். என் மேல உசிரு அவருக்குன்னு நெனச்சேன். அன்னைக்கு எனக்குப் பள்ளிக்கூடத்துல பனிச்சறுக்குப் போட்டி. நான் போகல. அவர் தனியா நடந்தார்.

— நீ பன்னெண்டு வயசுப் பிள்ளை.

— எனக்குக் கப்பு குடுத்தாங்க, மாரெத். ரெண்டாவது பரிசு. இன்னும் பரண்ல கெடக்கு. டாக்டரம்மா கேட்டா, வீட்ல வேற யாருக்காவது இப்படி உண்டான்னு. இல்லன்னுட்டேன்.

— ஏன் அப்படிச் சொன்ன?

— ஒருத்தருக்கும் இல்லன்னு சொல்லிட்டா என்னோட முடிஞ்சிடும்னு ஒரு... தெரியல. வாய் சொல்லிடுச்சு. ஏன் பேச்ச நிறுத்திட்ட? மாரெத்? அழுவுறியா?

— இல்ல.

— பின்ன?

— இரு. வானம்...

— மறுபடி பரீட்சையா?

— இல்ல, ஆந்தே. சத்தியமா இல்ல. அந்தச் சாம்பல் கோடு எழுந்துக்குது.

— எழுந்துக்குதுன்னா?

— பேசக் கூடாதே. மேல வந்துக்கிட்டிருக்கு.

— பேசு. ரெண்டு வருஷமா உன் வாய அடைச்சேன்ல, இப்ப நானே சொல்றேன். பேசு, மாரெத். எனக்குச் சொல்லு.

— எப்படிச் சொல்றது... வடக்க படுத்திருந்தது எழுந்து நின்னுடுச்சு. நெருப்பு இல்லாம நெருப்பு எரியுது. இப்ப நிஜமாவே பச்சை. கண்ணுக்கே பச்சை. மடிப்பு மடிப்பா விரிஞ்சு, குன்றத் தாண்டி, ஏரியத் தாண்டி வருது. அடியில செவப்பா ஒரு கரை ஓடுது, கம்பளிக் கோட்டுக்குக் கரை தெச்ச மாதிரி... ஐயோ, எவ்வளவு வேகம்! கிழக்கலேர்ந்து மேற்க ஒரே ஓட்டம். சத்தமே இல்ல. இவ்வளவு பெருசு சத்தமில்லாம வருதே, அதுதான் பயமா இருக்கு.

— எங்க இருக்கு இப்ப?

— எங்க இல்ல? நம்ம தலைக்கு நேர் மேல வந்து நிக்குது. அங்கேருந்து நாலு பக்கமும் கொட்டுது. நாம அதுக்கு அடியில, நட்ட நடுவுல இருக்கோம். பனியெல்லாம் பச்சையாயிடுச்சு, ஆந்தே. உன் தாடியில பனி உறைஞ்சிருக்குறது ஒவ்வொண்ணாத் தெரியுது. உன் நிழல் விழுது பனி மேல. ராத்திரியில நிழல்! எனக்கு நாப்பத்திரண்டு வயசாகுது, இப்படி ஒண்ணு நான் பார்த்ததே இல்ல. முட்டி போடணும்போல இருக்கு.

— மாரெத்.

— ம்?

— என் கையப் பிடி.

— பிடிச்சிருக்கேன். என்ன?

— அங்க... அங்க ஏதோ இருக்கு.

— எங்க?

— மேல. பச்சையெல்லாம் இல்ல. வெளுப்பா. பால் கொதிச்சு வர்றப்ப ஓரத்துல ஒரு வெளுப்பு அசையுமே, அப்படி. அசையுது. இடது பக்கமா ஓடுது. இடது பக்கமா ஓடுதா?

— ஆமா! இடது பக்கம்தான் ஓடுது!

— என்னைத் தேத்துறதுக்குச் சொல்லாத.

— எங்க அம்மா மேல ஆணை. இடது பக்கம்தான். இப்ப?

— இப்ப நின்னுடுச்சு. இல்ல, திரும்புது. திரும்பி வருது.

— ஆமா. ஆமா, ஆந்தே.

— கேமரா இல்லாமத் தெரியுது, மாரெத். என் கண்ணால. எத்தனை நாளாச்சு! சும்மா இரு... இல்ல, பேசு. நீ பேசினாத்தான் எங்க பார்க்குறதுன்னு தெரியுது.

— அழு. அழுதுக்க. கண்ணீர் மட்டும் தொடைச்சிடு, இமையில உறைஞ்சிடும். இருக்குற கண்ணும் போயிடும்.

— நக்கலு இந்நேரத்துலயும்.

— நக்கல் பண்ணலன்னா நானும் அழுதுடுவேன். சாவியக் குடு.

— எந்தச் சாவி?

— வண்டிச் சாவி. இப்பவும் நான்தான் ஓட்டுவேன், நாளைக்கும் நான்தான்.

— மந்தை உன் பின்னால வராது. முன்னால போற கிழட்டு மானுக்கு என் குரல்தான் பழக்கம். நாளைக்கு ஒரு நாள் விடு, மாரெத். தாண்டினதும் உன் கையில குடுத்துடுறேன், அப்புறம் ஊருக்குச் சொல்லு, தம்பிக்குச் சொல்லு, யாருக்கு வேணாலும் சொல்லு. எல்லேக்கு மட்டும் வேண்டாம். நான் என் அப்பாவுக்காகப் பட்ட அசிங்கம் அவளுக்கு வேண்டாம்.

— கிளை?

— அதான் சொன்னேனே. எல்லே முன்னாடி இருப்பா. அவ கண்ணு போதும் எனக்கு.

— அவ கண்ணுக்காகத்தான் உன்கூட இங்க வந்தேன்.

— என்ன சொல்ற?

— நேத்து சாயங்காலம் எல்லே உன் கேமராவ எடுத்துக்கிட்டு வாசல் முத்தத்துக்கு வந்தா. நான் விறகு அடுக்கிக்கிட்டிருந்தேன். மேல ஒரு கோடு, இன்னைக்கு மாதிரியே, வெறும் சாம்பல். 'எப்படிடி இருக்கு?'ன்னு கேட்டேன்.

— சும்மா இரு, மாரெத்.

— அவளும் அதையேதான் சொன்னா. 'சும்மா இரும்மா, மேல இருக்கும்போது பேசக் கூடாது'ன்னு.

— வேண்டாம்...

— கட்டையத் தாண்டி வரும்போது தடுமாறி என் மேல சாய்ஞ்சா. பூட்ஸ் வழுக்குதுன்னா. அப்புறம் ஒரு படம் எடுத்தா. திரையப் பார்த்தா. பார்த்துட்டுத்தான் எனக்குப் பதில் சொன்னா.

— என்னன்னு?

— 'பச்சைம்மா. நல்ல பச்சை.' ராத்திரி பூரா நான் தூங்கல. இதே வார்த்தைய நான் எங்கயோ கேட்டிருக்கேனேன்னு நெனச்சுப் பார்த்தேன். உன் வாயிலதான். அதான் உன்னை மொதல்ல சோதிச்சுப் பார்த்துடணும்னு வந்தேன்.

— அவளையா... அவளையா நான் நாளைக்கு முன்னாடி உக்கார வெக்க இருந்தேன்?

— கேட்டதுக்கு அவளும் சரின்னிருக்கா. தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு.

— எங்க அப்பா மாதிரி. என்னை மாதிரி.

— ஆமா.

— சாவி இந்தா. எடுத்துக்க. நாளைக்கு நீ ஓட்டு, நான் பின்னால நின்னு கிழடுக்குக் குரல் குடுக்குறேன். இப்ப போனக் குடு.

— எதுக்கு?

— வெளிச்சம் இன்னும் இருக்குல்ல? எனக்கு அந்த வெளுப்பு இன்னும் தெரியுது.

— இருக்கு. வீட்டுப் பக்கம் வரைக்கும் நீண்டு போயிருக்கு.

— அவ நம்பரப் போடு. சத்தமா வை, நீயும் கேளு.

— இந்தா, மணி அடிக்குது.

— எல்லே? அப்பா பேசுறேன்.

— என்னப்பா? எங்க இருக்கீங்க ரெண்டு பேரும்? நான் படுத்துட்டேன்.

— எழுந்து முத்தத்துக்கு வா. கம்பளிக் கோட்டப் போட்டுக்க. செவுத்தப் பிடிச்சுக்கிட்டு, மெதுவா.

— வெளிச்சமாப்பா? கேமரா உன்கிட்டல்ல இருக்கு?

— இங்கதான் இருக்கு, செத்துக் கெடக்கு. அது வேண்டாம். சும்மா வா.

— ...வந்துட்டேன். ஆனா அப்பா, மேல இருக்கும்போது பேசக் கூடாதுன்னு நீதானே சொல்லுவ?

— தப்பாச் சொல்லிட்டேன். இன்னைக்குப் பேசலாம். தலைய நிமிர்த்திப் பாரு, கண்ணு. என்ன தெரியுது?

— பச்சைப்பா. நல்ல பச்சை.

— எனக்குப் பச்சை தெரியல, எல்லே. அப்பாவுக்கு ராத்திரியில கண்ணு தெரியாதும்மா, உங்க தாத்தாவுக்கும் தெரியாது. எனக்கு வெளுப்பா ஏதோ ஒண்ணு இடது பக்கமா ஓடுற மாதிரி மட்டும்தான் இருக்கு, நீயும் பயப்படாம நெசமாச் சொல்லு, உனக்கு எப்படி இருக்கு?